சின்ன டாக்டருக்கு யார் செலவில் பயிற்சி?

"பெரிய டாக்டர் எப்ப வருவாரு?"

நமது புறநோயாளிகள் பிரிவில் சீட்டைக் கையில் வாங்கியவுடன் முதியவர்கள் பலர் கேட்கும் முதற்கேள்வி இதுதான். முன்னறையில் இளம் மருத்துவர் ஒருவர் அமர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பது கணக்கில் சேராது என்றே பலர் எண்ணுகின்றனர். அவரிடம் பெயரையும் வயதையும் மட்டும் சொல்லிவிட்டு, நோயைப் பற்றிப் 'பெரியவரிடம்' சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்போரும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் சோலை நகரிலிருந்து அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். வந்தது இருமலுக்காக. இருமலுக்கு மருந்து எழுதிய பிறகு அந்த இளம் மருத்துவர், "அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இந்த முக்காலியில் வையுங்கள்" என்றார். "இருமலுக்குக் காலை ஏம்மா பாக்குற?" என்று அம்மையார் சிரித்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலின் கீழே, காய்ப்பு ஒன்றின் அடியில் சிறு புண் ஒளிந்திருந்தது. வலி இல்லாததால் அவருக்கு அது தெரியவே இல்லை. மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தபோது பாதத்தின் பல இடங்களில் உணர்வு இல்லை என்பதும் தெரியவந்தது. ஐந்து வாரம் கட்டுப் போட்டதில் புண் ஆறிற்று. இன்னும் இரண்டு மாதம் கவனியாமல் விட்டிருந்தால் விரலை எடுக்கவேண்டி வந்திருக்கலாம்; அதற்கு மேலும் போயிருக்கலாம்.

காலைப் பார்க்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அவரைப் பிறகு கேட்டோம். "குருசுக்குப்பத்தில்" என்றார்.

இங்கிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் உள்ள குருசுக்குப்பத்தில் ஜிப்மரின் நகர்ப்புற நலவாழ்வு மையம் இயங்கி வருகிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வாழைக்குளம், சின்னையாபுரம் ஆகிய பகுதி மக்கள் அதன் பொறுப்பில் உள்ளவர்கள். நம் வாசகர்களில் பலர் அங்கே பி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாங்குபவர்களே. அது மருந்து தரும் இடம் மட்டுமன்று, மருத்துவம் கற்பிக்கும் இடமுமாகும் என்பது பலருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் சமுதாய மருத்துவத்தைக் கற்பதற்காக அங்கே அனுப்பப்படுகின்றனர். ஊர்ப்புறத்திற்கென இதைப் போன்ற மற்றொரு மையம் இராமநாதபுரத்தில் உள்ளது. இது தென்கோடி மாவட்டமன்று. புதுச்சேரியைச் சேர்ந்த சிற்றூர்.

அந்த அம்மையாரின் கால் பிழைத்ததற்கு ஒரு பயிற்சி காரணம். அந்தப் பயிற்சிக்கு யாரோ பணம் கொடுத்திருக்கின்றனர். யார் கொடுத்தார்கள், எவ்வழியாக வந்தது, அது போதுமா என்பவற்றை இந்த இதழில் பார்க்கலாம். நிதி, திட்டம் என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் வாங்கும் சோப்புக்குச் செலுத்தும் வரியிலிருந்து போகும் பணம் இது.

ஒரு மருத்துவர் உருவாகும் செலவு

புதுச்சேரிக்கு இவ்வகையில் நீண்ட பழக்கம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியினர் இங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஆண்டாக 1823-ஐ ஜிப்மர் தன் வரலாற்றில் குறிப்பிடுகிறது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்திய அரசின் கைக்கு மாறியது. இரண்டாண்டு கழித்து, 1956இல், அப்பள்ளியின் வழிவந்ததாகத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. 1964இல் அதுவே ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நாம் 'கோரிமேடு ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஜிப்மர் ஆனது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. ஒன்றிய அரசின் சுகாதாரத் துறையே அதன் செலவை நேரடியாக ஏற்கிறது.

இதன் பொருள் எளிது. தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்குப் பல இலட்சங்கள் ஆகின்றன. ஜிப்மரில் மாணவர் கட்டும் கல்விக் கட்டணம் அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எஞ்சிய செலவு முழுவதும் அரசுடையது. பேராசிரியரின் ஊதியம், ஆய்வுக்கூடம், விடுதி, பயிற்சி ஆண்டில் மாதந்தோறும் தரப்படும் உதவித்தொகை, குருசுக்குப்பத்துக்குச் செல்லும் பேருந்து வரை எல்லாம் அதில் அடங்கும்.

கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி புதுச்சேரி அரசின் பொறுப்பில் இருக்கிறது. செவிலியரையும் மருந்தாளுநரையும் ஆய்வுக்கூட நுட்பநரையும் உருவாக்கும் அன்னை தெரசா நிறுவனமும் புதுச்சேரி அரசுடையதே. தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் இம்மண்ணின் பிள்ளைகளுக்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரிலான நிதியுதவித் திட்டம் இருக்கிறது. இங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 விழுக்காடு உண்டு. முத்தியால்பேட்டை அரசுப் பள்ளியில் படித்த பெண் வெள்ளை அங்கியோடு இதே தெருவுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு இதனால் கூடியிருக்கிறது. தெருவின் பேச்சும் சாப்பாடும் அறிந்த மருத்துவர், "இனிப்பைக் குறையுங்கள்" என்பதோடு நின்றுவிட மாட்டார். காலையில் என்ன இட்லி, எத்தனை, கருவாட்டுக் குழம்பு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பார். இதை மிகையென்று சிலர் கூறலாம்; ஆனால் புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் நாள்தோறும் காண்பது இதுவே.

ஆக, பயிற்சிக்கு அரசு பணம் தருவதில்லை என்று யாரும் சொல்ல இயலாது. எந்தப் பயிற்சிக்குத் தருகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

பழைய கனவும் நடந்ததும்

1943இல் அன்றைய அரசு சர் ஜோசப் போர் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 1946இல் வெளிவந்த அதன் அறிக்கைதான் நாம் இன்று காணும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிறப்புச் சான்று. முதற்கட்டமாக நாற்பதாயிரம் மக்களுக்கு ஒரு நிலையம், அதில் இரண்டு மருத்துவர்கள், நான்கு பொதுச் சுகாதாரச் செவிலியர், நான்கு மருத்துவச்சிகள் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. மருத்துவர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்பதிலும் அதற்குத் தெளிவான கருத்து இருந்தது. நோயைத் தீர்ப்பவராக மட்டுமன்றி, நோய் வராமல் காப்பவராகவும் அவர் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்றது.

அதே அறிக்கை மற்றொரு முடிவையும் எடுத்தது. அந்நாளில் பட்டம் பெறாமல், எல்.எம்.பி. என்னும் குறுகிய படிப்பை முடித்து மருத்துவம் பார்த்தவர்களே நாட்டில் பெரும்பான்மையினர். நம் பாட்டன்மார் காலத்து 'எல்.எம்.பி. டாக்டர்கள்' அவர்கள்தாம். இனி ஒரே வகை மருத்துவர், ஒரே தரம் என்று சொல்லி அந்தப் படிப்பைக் கைவிடும்படி குழு பரிந்துரைத்தது. குழுவிலேயே சிலர் இதற்கு உடன்படவில்லை. சிற்றூர்களுக்குச் செல்ல ஆயத்தமாக இருந்தவர்களின் வழியை அடைத்துவிட்டு, பட்டதாரிகள் அங்கே போவார்களா என்பதே அவர்களுடைய ஐயம். எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கையில், அந்த ஐயம் வீண் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரே தரம் வேண்டும் என்ற கொள்கையும் தவறன்று. ஏழைக்கு அரைப் படிப்பு மருத்துவர், பணக்காரருக்கு முழுப் படிப்பு மருத்துவர் என்பதை யார்தான் ஏற்பார்?

பட்டதாரியைச் சிற்றூருக்குப் பழக்கவேண்டும் என்ற எண்ணத்தில் 1977இல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்று, மாணவர்களை அங்கே அனுப்பிக் கற்பிக்க வேண்டும் என்றது அது. ஊர்திகள் வாங்கப் பணமும் வந்தது. பல இடங்களில் ஊர்தி தேய்ந்தபின் திட்டமும் தேய்ந்தது. நிலையத்தில் மாணவருக்குக் கற்பிக்க யாருக்கும் நேரமில்லை; தங்க இடமில்லை; கல்லூரிப் பேராசிரியர் அங்கே வருவதில்லை. ஒருமுறை வாங்கும் பொருளுக்குப் பணம் கொடுப்பது அரசுக்கு எளிது. ஆண்டுதோறும் ஆசிரியருக்கு ஊதியம் கொடுத்து ஒரு சிறு நிலையத்தைக் கற்பிக்கும் இடமாக வைத்திருப்பது கடினம். குருசுக்குப்பம் போன்ற மையங்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அவற்றின் செலவு ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டு வரவுசெலவுக்குள்ளேயே அமைந்திருப்பதுதான் என்று கருதுகிறோம்.

இன்றைய விதிகள் முன்னிலும் மேலானவை. எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு பயிற்சியில் 12 வாரங்களைச் சமுதாய மருத்துவத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதி கூறுகிறது. முதலாண்டு மாணவர்களே ஊர்களில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முடியும்வரை அவர்களுடைய நலத்தைப் பின்தொடரவேண்டும் என்ற ஏற்பாடும் வந்துள்ளது. பட்டமேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பது 2020இல் வந்த விதி. உங்கள் வீட்டுக்குக் குறிப்பேட்டோடு வந்து, வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்கும் பிள்ளைகள் இவ்விதிகளின்படி வருபவர்களே. வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள்.

பணம் ஏன் மேல்மாடிக்கு ஏறுகிறது

பயிற்சிக் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்படும் இளைஞர் பலருடைய மடியில் வேறொரு புத்தகம் இருக்கும். அது பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கானது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவரை நாமே 'சின்ன டாக்டர்' என்கிறோம். நாமே அவரைத் தாண்டிப் போக விரும்புகிறோம். இதய நிபுணருக்கும் எலும்பு நிபுணருக்கும் இருக்கும் மதிப்பும் வருவாயும் குடும்ப மருத்துவருக்கு இல்லை.

குடும்ப மருத்துவமும் தனித் துறைதான் என்பதே நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஒரே நோயாளியின் சர்க்கரையையும் மூட்டுவலியையும் மனச்சோர்வையும் மருமகளின் கருத்தரிப்பையும் ஒருசேரக் கவனிக்கும் கலை அது. பிரிட்டனில் பொதுமருத்துவர் ஆவதற்கே தனியாக மூன்றாண்டு பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சிக்காலம் முழுவதும் அரசு ஊதியம் கிடைக்கிறது. இந்தியாவில் தேசியத் தேர்வு வாரியத்தின் குடும்ப மருத்துவப் பட்டமேற்படிப்பு நெடுநாளாக இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இத்துறைக்கு எம்.டி. படிப்பைத் தொடங்கி முன்னோடியாக நின்றது கோழிக்கோடு. 2020இல் அதே வாரியம் எட்டுத் துறைகளில் ஈராண்டுப் பட்டயப் படிப்புகளைத் தொடங்கியபோது அவற்றில் குடும்ப மருத்துவமும் இடம்பெற்றது. எனினும் அறுவை மருத்துவத்துக்கும் கதிரியக்கவியலுக்கும் உள்ள இடங்களோடு ஒப்பிட்டால் இது கையளவே.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பட்டமேற்படிப்புப் பயிற்சிக்கு அரசு கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, 1965இல் தொடங்கிய முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகப் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. பணம் எங்கே செல்கிறதோ பயிற்சியும் அங்கேயே நடக்கும். பயிற்சி நடந்த இடத்தில்தான் மருத்துவரும் தங்குவார். இதை மாற்ற 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தில் ஒரு சிறு ஏற்பாடு செய்தார்கள். பெரிய மருத்துவமனைக்குக் கொடுக்காமல், ஏழைகள் வாழும் பகுதியில் உள்ள சமுதாய நல மையங்களுக்கே பயிற்சி நிதியை நேரடியாகக் கொடுத்தார்கள். இளம் மருத்துவர் அங்கேயே இருந்து குடும்ப மருத்துவம் பயில்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்நிதிக்குக் குறுகிய காலத்துக்கே அனுமதி கிடைக்கிறது. அது முடியும் ஒவ்வொரு தடவையும் புதுப்பிப்பார்களா என்று மையங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்றாண்டு பயிற்சிக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டுப் பணம் வருமா என்று தெரியாமல் இருப்பது என்ன நிலை என்பதைக் கந்து கட்டி வீடு கட்டியவர்கள் அறிவார்கள்.

தமிழ்நாடு வேறொரு வழியைக் கையாண்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பு இடங்களில் ஒரு பங்கை ஒதுக்கியது. நீங்கள் சிற்றூரில் சில ஆண்டு பணியாற்றுங்கள், உங்கள் மேற்படிப்புக்கு அரசு வழி செய்யும் என்பதே ஏற்பாடு. அகில இந்திய விதிகளைக் காட்டி இதற்குத் தடை எழுந்தபோது, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்தை நாடிற்று. இவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. இதில் அரசு தனியாகப் பெரும்பணம் எதையும் ஒதுக்கவில்லை. இருக்கின்ற இடங்களையே, யாருக்கு முதலில் என்று வரிசை மாற்றியது. சிற்றூர் நிலையங்களுக்கு இளைஞர்கள் ஆர்வத்தோடு வந்ததற்கு இது முக்கியமான காரணம். மேற்படிப்புக்குப் போனவர் மீண்டும் அதே சிற்றூருக்கு வரமாட்டார் என்ற குறையும் இதில் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

செவிலியரின் இருபத்தொரு நாள்

மருத்துவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். உங்கள் பேரக்குழந்தைக்குத் தடுப்பூசி போடுபவர் யார்? கருவுற்ற மகளின் வீட்டுக்கு வந்து இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பவர் யார்? ஏ.என்.எம். என்று நாம் அழைக்கும் துணைச் செவிலியர். அவரது இரண்டாண்டுப் படிப்போடு பயிற்சி முடிவதில்லை. பாதுகாப்பான மகப்பேற்றுக்கு 21 நாள், குழந்தைகளின் நோய்களை அடையாளம் காண்பதற்கு 8 நாள் என்று தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ்ப் பணியிடைப் பயிற்சிகள் உள்ளன. 2005இல் ஊரகத்துக்கும் 2013இல் நகர்ப்புறத்துக்கும் தொடங்கிய அந்த இயக்கத்தில், ஒன்றிய அரசும் மாநிலங்களும் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இங்கே கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு. அவர் 21 நாள் பயிற்சிக்குப் போனால், அந்த நாட்களில் அவருடைய பகுதியை யார் பார்ப்பது? மாற்றுச் செவிலியருக்கு ஊதியம் ஒதுக்காமல் பயிற்சிக்கு மட்டும் பணம் ஒதுக்கினால், பக்கத்துப் பகுதிச் செவிலியர் இரட்டைச் சுமை சுமப்பார். இல்லையேல் பயிற்சியே தள்ளிப்போகும். "சிஸ்டர் ட்ரெயினிங் போயிருக்காங்க" என்று பூட்டிய கதவைக் கண்டு நீங்கள் திரும்பி வந்திருந்தால், கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு உரியவர் செவிலியர் அல்லர்.

2018இல் தொடங்கி நாடெங்கும் துணைச் சுகாதார நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டன. செவிலியர் பட்டம் பெற்றவர்களுக்கு ஆறு மாதக் கூடுதல் பயிற்சி அளித்து, அவர்களைச் சமுதாயச் சுகாதார அலுவலர்களாக அங்கே அமர்த்தினார்கள். பி.பி., சர்க்கரை பார்த்து, எழுதிய மருந்தைத் தொடர்ந்து தருவது அவர்களுடைய வேலை. இதுவும் எல்.எம்.பி. கதையின் மறுபிறப்பு என்று சில மருத்துவர்கள் முணுமுணுக்கின்றனர். எங்கள் கருத்து வேறு. இரத்த அழுத்தத்தை மாதந்தோறும் சரியாக அளந்து, மாத்திரையை நிறுத்தியவரை வீடு தேடிப் போய்க் கேட்பதற்கு நிபுணர் வேண்டியதில்லை; நல்ல பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் இந்த எண்ணத்தையே வீட்டு வாசல்வரை கொண்டு சென்றது.

இலங்கையிலிருந்து வந்த உறவினர் உங்களுக்கு இருந்தால் கேட்டுப்பாருங்கள். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். கருவுற்ற பெண்ணை அவர் பெயரோடு அறிவார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறை அது. அரசின் செலவிலேயே அவர்களைப் பயிற்றுவித்து அந்தந்தப் பகுதிக்கு அனுப்பினார்கள். இந்தியாவைவிட இலங்கையில் பேறுகால இறப்பு மிகக் குறைவாக இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

நம் பங்கு எவ்வளவு

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இரண்டு இலக்குகளை வைத்தது. அரசின் சுகாதாரச் செலவு 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடு ஆகவேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்பச் சுகாதாரத்துக்குப் போகவேண்டும். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி அரசுகள் செலவிட்டது 1.84 விழுக்காடு. அதே ஆண்டில் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தனர். 2013-14இல் இது 64.2 விழுக்காடாக இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். குறைந்திருக்கிறது, இன்னும் பெருஞ்சுமைதான்.

புதுச்சேரிக்கென ஒரு தனிச் சங்கடமும் உண்டு. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, ஆரம்பச் சுகாதாரத்துக்காக உள்ளாட்சி அமைப்புகள் வழியே 70,051 கோடி ரூபாய் மானியத்தைப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் பங்கீடு மாநிலங்களுக்குரியது. நாம் யூனியன் பிரதேசம். அந்த வரிசையில் நமக்கு இடமில்லை. ஒன்றிய அரசு தரும் கொடையையும் இங்கே திரட்டும் வரியையும் கொண்டே நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பயிற்சிகளையும் நடத்தவேண்டும். ஜிப்மர் நம் மண்ணில் இருப்பதால் இக்குறை நமக்கு உறைப்பதில்லை. கோரிமேட்டுக்கு நாள்தோறும் வந்து குவியும் ஆயிரக்கணக்கானோரில் பலருடைய நோய் முத்தியால்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தீரக்கூடியது. அங்கே நாம் போகாததால் அங்கே கூட்டம் குறைவு; கூட்டம் குறைவென்றால் கற்பிக்க நோயாளிகள் இல்லை; கற்பிக்காத இடத்துக்கு நல்ல மருத்துவரையும் பணத்தையும் கேட்டுப் பெறுவதும் கடினம்.

முதற்பத்தியில் நாம் கண்ட இளம் மருத்துவரும் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். எந்தத் துறை வேண்டும் என்று கேட்டோம். "கதிரியக்கவியல் கிடைத்தால் அதுதான்" என்றார், சற்றுத் தயங்கி. குடும்ப மருத்துவம் கூடாதா என்றதற்கு, "எத்தனை இடம் இருக்கிறது? முடித்தால் அரசில் அந்தப் பெயரில் பணியிடம் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அவர் போனபின் அந்த முன்னறைக்கு வேறொருவர் வருவார். அவரும் காலைப் பார்ப்பாரா என்பது அவர் எங்கே பயின்றார் என்பதைப் பொறுத்தது.

சோலை நகர் அம்மையார் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருக்கிறார். வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் தாமே காலைத் தூக்கி வைத்துவிடுகிறார். சர்க்கரை நோய் உள்ள வாசகர்கள் அனைவரும் அவ்வாறே செய்யலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். பயிற்சியில் உள்ளவர் உங்களைப் பரிசோதிப்பதில் விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு; அதனால் உங்கள் சிகிச்சை எவ்வகையிலும் குறையாது. விருப்பமிருந்தால், இருமலைப் பற்றி மட்டுமன்றி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய சீட்டுகளையும் குருசுக்குப்பத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தந்த குறிப்பேட்டையும் மறவாமல் கொண்டுவாருங்கள். மாத்திரை அட்டைகளை வீட்டில் விட்டுவிட்டு "சின்னதா வெள்ளையா இருக்கும்" என்று சொன்னால், பெரிய டாக்டருக்கும் அது எந்த மாத்திரை என்று தெரியாது.